பெட்ரோல் டேங்கில் தண்ணீரும் அடைப்பும்: அறிகுறியைக் கொண்டு பழுது நீக்கும் வழிமுறை

மோட்டார் சைக்கிள் திணறி நின்றுவிட்டது என்று சொன்னால் பெரும்பாலான பட்டறைகளில் முதலில் கழற்றப்படுவது கார்புரேட்டர்தான். அதைக் கழுவி மாட்டியதும் வண்டி ஓடத்தான் செய்யும். ஆனால் தண்ணீரோ துருவோ டேங்கிலேயே தங்கியிருக்குமானால் சில நாட்களில் அதே திணறல் திரும்பிவிடும், மறுபடியும் கார்புரேட்டரே கழற்றப்படும். ஆகவே இந்த வழிமுறை டேங்க் மூடியில் தொடங்கி, பெட்ரோல் இறங்கும் பாதையிலேயே டேப் (பெட்ரோலைத் திறந்து மூடும் திருகுக் குழாய்), டியூப், ஃபில்டர் என்று கீழ்நோக்கிச் செல்கிறது. உங்கள் வண்டியில் தெரியும் அறிகுறியின் தலைப்புக்கு நேரே சென்று, அங்கே சொல்லப்பட்ட வரிசையிலேயே சோதித்து வாருங்கள். செலவில்லாத காரணங்கள் முதலிலும் செலவு பிடிப்பவை பின்னாலும் வருகின்றன.

டேங்கிலிருந்து பெட்ரோல் தன் எடையாலேயே கார்புரேட்டருக்கு இறங்கும் வண்டிகளைத்தான் பெரும்பாலும் மனத்தில் கொண்டு எழுதுகிறேன். இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 அன்று பி.எஸ். 6 என்ற புகை மாசுக் கட்டுப்பாட்டு விதிமுறை நடைமுறைக்கு வருவதற்கு முன் விற்பனையான ஸ்ப்ளெண்டர், பல்சர் 150, யூனிகார்ன், பழைய புல்லட் போன்றவற்றில் பெரும்பாலானவை இவ்வகையே. டேங்குக்குள்ளேயே மின்பம்பு உள்ள வண்டிகளுக்குத் தனித் தலைப்பு இருக்கிறது.

எந்தச் சோதனைக்கும் முன்

இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, சாவியை எடுத்துவிட்டு, திறந்த வெளியில் மட்டுமே இந்த வேலைகளைச் செய்யுங்கள். பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனமானது என்பதால் தரையோடு பரவிச் சென்று, சில அடி தள்ளி எரியும் விளக்கிலும் கேஸ் அடுப்பிலும்கூடப் பற்றிக்கொள்ளும். வீட்டு போர்ட்டிகோவுக்குள் வைத்துச் செய்யாதீர்கள். டியூபை வாயில் வைத்து உறிஞ்சிப் பெட்ரோல் எடுக்கும் பழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள். ஒரு மடக்கு தவறி நுரையீரலுக்குள் இறங்கினாலே மருத்துவமனையில் படுக்க வேண்டிவரும்.

தேவைப்படும் முக்கியக் கருவி, சுத்தமாகக் கழுவி ஒரு சொட்டு ஈரமும் இல்லாமல் காயவைத்த, அகன்ற வாயுள்ள கண்ணாடி பாட்டில் ஒன்றுதான். ஊறுகாய் பாட்டில் போதும். அதில் பெட்ரோலைப் பிடித்து ஐந்து நிமிடம் அசையாமல் வைத்து, வெளிச்சத்துக்கு நேரே பாருங்கள். பெட்ரோலின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 720 முதல் 775 கிலோ வரை. தண்ணீருக்கு 1000 கிலோ. ஆகவே தண்ணீர் கலந்திருந்தால் அது அடியில் உருண்டை உருண்டையாகவோ, தெளிவான கோடு பிரித்த அடுக்காகவோ நிற்கும். அடுக்கு தண்ணீர்தானா என்ற ஐயம் இருந்தால், பேனாவுக்கு ஊற்றும் நீல மையை ஒரு சொட்டு பாட்டிலில் விடுங்கள். மை தண்ணீரில் கரையும், பெட்ரோலில் கரையாது. அடி அடுக்கு முழுவதும் நீலமாகி மேலே உள்ளது நிறம் மாறாமல் இருந்தால் ஐயம் தீர்ந்தது.

அறிகுறி: சிறிது தூரம் ஓடி நிற்கிறது, சற்றுப் பொறுத்தால் மீண்டும் கிளம்புகிறது

பெட்ரோல் வெளியேறும் அளவுக்குக் காற்று உள்ளே வர வேண்டும். அந்தக் காற்றுவழி அடைபட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் இறங்குவது படிப்படியாகக் குறையும். வண்டி நின்ற அந்த நிமிடத்திலேயே, காத்திருக்காமல் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள்.

மூடியைத் திறந்ததும் ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுக்கப்பட்டு, வண்டியும் உடனே கிளம்பினால், காற்றுவழி அடைப்புதான். டேங்க் நிரம்பியிருக்கும் நாட்களில் தொல்லை அதிகமாகவும், பாதிக்குக் கீழே இருக்கும்போது குறைவாகவும் தெரிவது இதற்குத் துணைச்சான்று. மேலே காற்று இருக்கும் இடம் சிறிதாக இருக்கும்போது வெற்றிடம் விரைவில் உருவாகிவிடும்.

முதலில் டேங்கின் மேல் போட்டிருக்கும் ரெக்ஸின் கவரைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். கவரின் மடிப்பு மூடியின் காற்றுத் துளை மேல் அழுந்துவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. அதில் மாற்றம் இல்லையென்றால் மூடியின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். தூசியும் பாலிஷும் சேர்ந்து கெட்டியாகித் துளையை மூடியிருக்கும். பஞ்சர் கடையில் காற்றுக் குழாயால் மெதுவாக ஊதச் சொன்னால் பெரும்பாலும் திறந்துவிடும். ஊசியை உள்ளே விட்டுக் குத்த வேண்டாம், ஏனெனில் பல மூடிகளில் துளைக்குப் பின்னால் சிறு ரப்பர் வால்வு இருக்கிறது, அது கிழிந்தால் அந்த வழியாகவே மழைநீர் இறங்கும். பெட்ரோல் ஆவியை, அதை உறிஞ்சிவைக்கும் கரிப்பெட்டிக்குக் கொண்டுசெல்லும் டியூப் உள்ள வண்டிகளில், டேங்கைக் கழற்றி மாட்டும்போது அந்த டியூப் சட்டத்துக்கும் டேங்குக்கும் இடையில் நசுங்கிப்போவதும் உண்டு. இவை எதுவும் இல்லையென்றால் மூடியை மாற்ற வேண்டியதுதான். தனியாக வாங்கினால் அதற்கு வேறு சாவி வரும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

மூடியைத் திறந்தும் மாற்றமில்லை என்றால், கார்புரேட்டரின் அடியில் உள்ள வடிகால் திருகை ஒரு சுற்றுத் திறந்து பாருங்கள். டேப் திறந்திருக்கும் நிலையில் பெட்ரோல் தொடர்ந்து ஒழுகினால் எரிபொருள் வந்துகொண்டுதான் இருக்கிறது. சூடானதும் தீப்பொறி விடுபடும் மின்சாரக் கோளாறாக அது இருக்கலாம். தீப்பொறியை உண்டாக்கும் இக்னிஷன் காயிலையும், அதை இயக்கும் சி.டி.ஐ. என்ற மின்பெட்டியையும் சோதிக்க மெக்கானிக்கிடம் கொடுப்பதே நல்லது. ஒழுகாமல் நின்றுவிட்டால் கீழே ‘வேகமெடுத்தால் இழுவை விழுகிறது’ என்ற தலைப்புக்குச் செல்லுங்கள்.

அறிகுறி: மழைக்குப் பிறகு அல்லது வாட்டர் வாஷுக்குப் பிறகு திணறுகிறது

இந்த அறிகுறிக்கு இரண்டு வெவ்வேறு காரணங்கள் உண்டு. அவற்றைப் பிரித்தறியாமல் டேங்கைக் கழற்ற வேண்டாம்.

ஸ்பார்க் பிளக் மூடியைக் கழற்றி உள்ளே ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். துணியால் துடைத்து, வெயிலில் கொஞ்ச நேரம் காயவைத்து மாட்டியதும் வண்டி கிளம்பி, பிறகு தொல்லையே தராவிட்டால், தண்ணீர் மின்சாரப் பக்கம்தான் புகுந்திருந்தது. காய்ந்த பிறகும் திணறினால் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனையில் பெட்ரோல் ஈரத்தோடு சிறு நீர்த்திவலைகள் ஒட்டியிருப்பதைக் கண்டால் எரிபொருளில் தண்ணீர் இருப்பது ஏறக்குறைய உறுதி.

கார்புரேட்டர் வடிகாலில் தண்ணீர் வந்தால், டேப்பை மூடிவிட்டு, திருகைத் திறந்து கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்தில் இருப்பதை முழுவதும் பாட்டிலில் பிடியுங்கள். பிறகு டேப்பைத் திறந்து இன்னும் கால் பாட்டில் அளவு பிடித்து வேறாக வைத்துப் பாருங்கள். முதலில் பிடித்ததில் சில உருண்டைகளும், அடுத்து பிடித்ததில் ஒன்றும் இல்லையென்றால், வேலை அதோடு முடிந்தது. நூறு கிலோமீட்டர் ஓட்டிய பின் ஒருமுறை மறுபடியும் வடித்துப் பார்த்தால் போதும். இரண்டாவது பாட்டிலிலும் தண்ணீர் இருந்தால் அது டேங்கிலிருந்து வருகிறது, டேங்கைத்தான் வடிக்க வேண்டும்.

டேங்கை வடிப்பதில் பெரும்பாலோர் கவனிக்காத ஒன்றை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும். மோட்டார் சைக்கிள் டேங்க் வண்டியின் நடுச்சட்டத்தின் மேல் இரண்டு பக்கமும் தொங்குமாறு அமைந்திருப்பதால், அதன் அடிப்பகுதி இடமும் வலமுமாக இரண்டு தனிப் பள்ளங்களாகப் பிரிந்திருக்கிறது. டேப் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். டேப் வழியாக எவ்வளவு வடித்தாலும் எதிர்ப்பக்கப் பள்ளத்தில் தேங்கிய தண்ணீர் அங்கேயே கிடக்கும். வண்டி வளைவில் சாயும்போதோ, மேடு ஏறும்போதோ, புதிதாகப் பெட்ரோல் ஊற்றிக் கலங்கும்போதோ அதில் ஒரு பங்கு இந்தப் பக்கம் தாண்டி வந்து மறுபடியும் கார்புரேட்டரில் இறங்கும். ‘சுத்தம் செய்து இரண்டு வாரம் நன்றாக ஓடியது, திரும்பவும் தண்ணீர் வருகிறது’ என்ற புலம்பலுக்கு இதுவே பெரும்பாலும் காரணம். சில வண்டிகளில் இரண்டு பள்ளங்களையும் இணைக்கும் சிறு டியூப் முன்பக்கத்தில் இருக்கும். இருந்தால் அதையும் கழற்றி வடிக்க வேண்டும்.

ஆகவே டேங்கில் பெட்ரோல் குறைவாக இருக்கும்போது இருக்கையைக் கழற்றி, பின்புற போல்ட்டை எடுத்து, டேப்பை மூடி டியூபைப் பிடுங்கி, பெட்ரோல் அளவு காட்டும் மின்கம்பியின் இணைப்பையும் பிரித்துவிட்டு, டேங்கை முழுவதுமாக வெளியே எடுங்கள். மூடியைத் திறந்து தகரப் புனல் வழியாக உலோகக் கலனில் கவிழ்த்து, இரண்டு பக்கமும் மாறி மாறிச் சாய்த்து வடியுங்கள். புதிய பெட்ரோல் அரை லிட்டர் ஊற்றிக் குலுக்கி மறுபடியும் வடித்து, கடைசியாக வந்ததைப் பாட்டிலில் பிடித்துப் பார்த்த பிறகே மாட்டுங்கள். எடுத்த கலவையைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். தெளியவைத்து மேலே உள்ளதைப் பாகங்கள் கழுவ வைத்துக்கொள்ளலாம், வண்டியில் மறுபடியும் ஊற்ற வேண்டாம்.

தண்ணீர் புகுந்த வழியை அடைக்காமல் வடித்தால் பயனில்லை. டேங்கோடு சமமாகப் பதிந்திருக்கும் மூடிகளில், மூடியைச் சுற்றியுள்ள பள்ளத்தில் ஒரு சிறு வடிகால் துளை இருக்கிறது. அங்கே விழும் மழைநீர் அந்தத் துளை வழியாக டேங்கின் உள்ளே செல்லும் மெல்லிய குழாயில் இறங்கி, அடியில் ஒரு ரப்பர் டியூப் மூலம் தரைக்குப் போய்விட வேண்டும். மண் அடைத்துக்கொண்டால் தண்ணீர் பள்ளத்தில் நின்று, மூடியின் ரப்பர் வளையமான கேஸ்கட்டின் ஓரமாகக் கசிந்து உள்ளே இறங்கும். மூடியைத் திறந்து, டேங்கின் வாயில் துணி அடைத்துவிட்டு, வடிகால் துளையில் ஒரு கரண்டித் தண்ணீர் ஊற்றுங்கள். உடனே தரையில் சொட்ட வேண்டும். சொட்டாவிட்டால் மெல்லிய நைலான் இழையை விட்டுத் தள்ளி, அடி டியூபையும் கழற்றிக் கழுவுங்கள். டியூப் சுத்தமாக இருந்தும் தண்ணீரோடு பெட்ரோலும் சொட்டினால், அல்லது ஊற்றிய தண்ணீர் டேங்குக்குள் தெரிந்தால், உள்ளே செல்லும் குழாயே துருவேறித் துளைபட்டிருக்கிறது. அதை வீட்டில் சரிசெய்ய முடியாது.

அடுத்து மூடியின் கேஸ்கட்டைப் பாருங்கள். கெட்டித்துப்போய், நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாத கேஸ்கட் தண்ணீரைத் தடுக்காது. இதன் விலை மிகக் குறைவு, ஐயம் வந்தாலே மாற்றிவிடலாம். உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த ரெக்ஸின் கவர் மழையில் நனைந்தால் நாள்கணக்கில் ஈரத்தைப் பிடித்துவைத்து மூடியைச் சுற்றிக் கசியவிடுகிறது, டேங்கின் வெளிப்புறத்தையும் துருவேற்றுகிறது. மழைக்காலத்தில் அதைக் கழற்றிவைப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. வாட்டர் வாஷ் செய்பவரிடம் டேங்க் மூடியின் மேல் நேராக அழுத்த நீரைப் பாய்ச்ச வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வண்டியே வெள்ளத்தில் மூழ்கியிருந்தால், சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போதும் ஆயிரக்கணக்கானோர் பார்த்ததுபோல், சாவியைப் போடவே கூடாது. டேங்கில் மட்டுமன்றி இன்ஜின் ஆயிலிலும், காற்று வடிகட்டியிலும், சிலிண்டருக்குள்ளும் தண்ணீர் இருக்கும். அந்த நிலையில் செல்ஃப் அழுத்தினால் கனெக்டிங் ராடு வளைந்து, சில ஆயிரத்தில் முடியும் செலவு பல மடங்காகிவிடும். வண்டியை ஏற்றிக்கொண்டு பட்டறைக்கே செல்லுங்கள்.

அறிகுறி: பெட்ரோல் போட்ட சிறிது தூரத்திலேயே இடிக்கத் தொடங்குகிறது

பெட்ரோல் பங்கைக் குறை சொல்வதற்கு முன் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: உங்கள் டேங்கின் அடியில் ஏற்கெனவே அமைதியாகக் கிடந்த தண்ணீரையும், பெட்ரோல் ஊற்றும் வேகம் கலக்கிவிட்டிருக்கலாம். கார்புரேட்டர் கிண்ணத்திலும் சற்றுப் பழைய பெட்ரோல் இருக்கும் என்பதால், புதிதாகப் போட்டதன் விளைவு சில நூறு மீட்டரிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள்தான் தெரியத் தொடங்கும். வண்டியை ஓரமாக நிறுத்தி, டியூப் வழியாக ஒரு பாட்டில் மாதிரி பிடித்துத் தேதியையும் நேரத்தையும் எழுதி ஒட்டி, பில்லோடு பத்திரப்படுத்துங்கள்.

எத்தனால் கலந்த பெட்ரோலில் தண்ணீரின் நடத்தை வேறுவிதமானது. 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் ஏறக்குறைய அரை சதவீதத் தண்ணீரைத் தன்னுள் கரைத்து, கண்ணுக்கே தெரியாமல் வைத்துக்கொள்ளும். 10 லிட்டரில் அது 50 மில்லி. 20 சதவீதக் கலப்பில் இந்த வரம்பு இன்னும் கூடுதல். வரம்பைத் தாண்டிய பிறகு தண்ணீர் தனியாகப் பிரிவதில்லை. எத்தனாலையும் இழுத்துக்கொண்டு மொத்தமாக அடியில் இறங்கிவிடும். அதனால் அடியில் நிற்கும் அடுக்கு, உள்ளே போன தண்ணீரை விடப் பல மடங்காக இருக்கும். மேலே நிற்கும் பெட்ரோலும் எத்தனாலை இழந்து ஆக்டேன் (தட்டாமல் எரியும் தன்மை) குறைந்துபோனதால், அதை மட்டும் பிரித்து ஊற்றினாலும் இன்ஜின் தட்டும் ஒலி கேட்கும். பிரிந்துபோன கலவை முழுவதையும் வடித்துவிட்டுப் புதிதாகப் போடுவதே வழி.

மாதிரியில் அடுக்கு தெளிவாகத் தெரிந்தால் பங்குக்குத் திரும்பிச் சென்று, நிலத்தடித் தொட்டியில் தண்ணீர் சோதனையும் அடர்த்திச் சோதனையும் செய்துகாட்டும்படி கேளுங்கள். அன்றைய அடர்த்தி பங்கில் எழுதிவைக்கப்பட்டிருக்கும், வாடிக்கையாளர் கேட்டால் சோதித்துக் காட்ட வேண்டும். மறுத்தால் அங்குள்ள புகார்ப் புத்தகத்தில் எழுதி, எண்ணெய் நிறுவனத்தின் அலுவலரிடமும் தெரிவியுங்கள். மாதிரி பாட்டிலும் பில்லும் இல்லாத புகார் நிற்பது கடினம்.

அறிகுறி: ஐடிலில் (முறுக்காமல் நின்றபடி) சீராக ஓடுகிறது, வேகமெடுத்தால் இழுவை விழுகிறது

லிட்டருக்கு 60 கிலோமீட்டர் தரும் வண்டி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 17 மில்லி பெட்ரோல்தான் எரிக்கிறது. இரண்டு பேருடன் மேடு ஏறும்போது இது இரண்டு மடங்குக்கும் மேல் போகலாம். ஐடிலிலோ இதில் சிறு பங்கே போதும். எனவே வழியில் பெரும்பகுதி அடைத்திருந்தாலும் வண்டி வாசலில் அழகாக ஓடும், சாலையில்தான் கோளாறு வெளிப்படும். திணறும் வேளையில் சோக்கைப் பாதி இழுத்துப் பாருங்கள். அதனால் கொஞ்சம் தெளிந்தால் பெட்ரோல் பற்றாக்குறை என்று கொள்ளலாம்.

கார்புரேட்டரில் மாட்டியுள்ள டியூபைப் பிடுங்கி, பாட்டிலில் விட்டு, டேப்பைத் திறந்து ஒரு நிமிடம் பிடியுங்கள். தடையில்லாத வழியில் பெட்ரோல் கம்பிபோல் விடாமல் இறங்கி, 100 மில்லியை எளிதாகத் தாண்டும். சொட்டுச் சொட்டாக வந்தாலோ, நன்றாகத் தொடங்கி அரை நிமிடத்தில் மெலிந்தாலோ அடைப்பு இருக்கிறது. மெலிந்தால் மூடியைத் திறந்து மறுபடியும் பிடியுங்கள்; அப்போது சரியாக வந்தால் காற்றுவழி அடைப்பு, முதல் அறிகுறிக்குத் திரும்புங்கள். இன்ஜினின் காற்றிழுப்பால் தானே திறக்கும் டேப் உள்ள வண்டிகளில் இன்ஜின் ஓடாதபோது பெட்ரோல் வராது, அதைப் பழுது என்று எண்ணிவிடாதீர்கள்.

பாதையில் இடைவழி ஃபில்டர் இருந்தால் அதைத் தற்காலிகமாக நீக்கிவிட்டுச் சோதியுங்கள். காருக்கான காகித ஃபில்டரைப் பைக்கில் மாட்டுவது இங்கே பரவலாக இருக்கிறது. பம்பின் அழுத்தத்துக்கென்று செய்யப்பட்ட அது, எடையால் மட்டும் இறங்கும் பெட்ரோலுக்குப் பெரும் தடையாகும். பைக்குக்கென்று விற்கும் கம்பிவலை ஃபில்டரையே போடுங்கள்.

அடுத்தது டியூப். டேங்கிலிருந்து கீழ்நோக்கியே செல்ல வேண்டும். நடுவில் மேலேறி வளைந்தால் அந்த மேட்டில் காற்றுக் குமிழி தங்கி ஓட்டத்தைத் தடுக்கும். வெளியே நன்றாகத் தெரியும் பழைய டியூபின் உள்தோல் உரிந்து மடிந்திருக்கலாம். ஐயமிருந்தால் கத்தரித்துப் பார்ப்பதை விட மாற்றிவிடுவதே மலிவு. கண்ணாடிபோல் தெரியும் சாதாரண பிளாஸ்டிக் டியூப் சில மாதத்தில் விறைத்து விரிசல் விடும். எரிபொருளுக்கென்று குறியிட்ட டியூபையே வாங்குங்கள்.

டியூபைக் கழற்றிய பிறகும் டேப்பிலிருந்தே குறைவாக வந்தால், டேங்கை வடித்துவிட்டு டேப்பைக் கழற்றுங்கள். டேங்குக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் வடிகட்டி வலையில் பழுப்பு நிறக் குழம்பு படிந்திருக்கும். கைப்பிடிக்குப் பின்னால் துளைகள் இட்ட வட்ட ரப்பர் ஒன்று இருக்கிறது. எத்தனால் கலந்த பெட்ரோலில் பழைய ரப்பர் ஊதிப்பெருத்து அத்துளைகளைச் சுருக்கிவிடுவதை அடிக்கடி காண்கிறேன். வலையைக் கழுவி ரப்பரை மாற்றலாம், ஆனால் பிடியின் உலோகமே தேய்ந்திருந்தால் முழு டேப்பையும் மாற்றுவதுதான் நிலைக்கும்.

டேப் வரை எல்லாம் சரியாக இருந்து வேகத்தில் இழுவை மட்டும் விழுந்தால், அப்போதுதான் கார்புரேட்டரில் பெட்ரோலை விடும் சிறு துளையான மெயின் ஜெட், கிண்ணத்தில் பெட்ரோல் மட்டத்தைக் கட்டுப்படுத்தும் மிதவையின் உயரம் ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும். மிதவையின் உயரத்தை அளந்து சரிசெய்வது மெக்கானிக்கின் வேலை.

அறிகுறி: மெயினில் ஓடுகிறது, ரிசர்வுக்கு மாற்றியதும் நிற்கிறது

டேப்பிலிருந்து டேங்குக்குள் நிற்கும் உயரமான குழாய் மெயினுக்கும், டேங்கின் அடியை ஒட்டிய துளை ரிசர்வுக்கும் உரியவை. அடியில் தண்ணீரும் துருவும் தேங்கியிருந்தால் ரிசர்வுதான் முதலில் அவற்றை இழுக்கும். பாட்டிலில் ரிசர்வ் நிலையில் பிடித்துப் பாருங்கள்: தண்ணீர் வந்தால் டேங்கை வடிப்பதும், தூள் வந்தால் கடைசித் தலைப்பில் உள்ளதும் தீர்வு. ஒன்றுமே வராவிட்டால் ரிசர்வ் துளை அடைத்திருக்கிறது.

இதற்கு நேர்மாறாக, பாதி டேங்க் இருந்தும் ரிசர்வில் மட்டுமே ஓடினால், மெயின் குழாயின் வலை அடைத்திருக்கும். பெட்ரோல் எல்லாம் எதிர்ப்பக்கப் பள்ளத்தில் தங்கிவிட்டாலும் இப்படித் தோன்றும். டேப் உள்ள பக்கம் வண்டியை நன்றாகச் சாய்த்து நிமிர்த்திய பிறகு மெயினில் ஓடுகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் வழிகிறது

டேங்கிலிருந்து வந்த ஒரு துருத்துணுக்கு மிதவை ஊசியின் இருக்கையில் சிக்கினாலே போதும், பெட்ரோல் நிற்காமல் வழியும். டேப்பை மூடி, கிண்ணத்தை வடித்து, மறுபடி திறந்து சிலமுறை கழுவினால் துணுக்கு வெளியேறிவிடலாம். திருப்புளியின் பிடியால் கிண்ணத்தின் பக்கவாட்டில் மெதுவாகத் தட்டுவதும் உதவும். அப்படியும் நிற்காவிட்டால் ஊசி தேய்ந்திருக்கிறது, அதை இருக்கையோடு சேர்த்து மாற்ற வேண்டும்.

டேப்பை மூடிய பிறகும் வழிந்தால் டேப்பின் ரப்பரும் போய்விட்டது. இரவு முழுவதும் இப்படி வழிந்த வண்டியைக் காலையில் கிளப்புவதற்கு முன் ஆயில் அளவுக் கோலை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தாலோ, ஆயிலின் அளவு கூடியிருந்தாலோ பெட்ரோல் சிலிண்டர் வழியாக ஆயிலில் இறங்கியிருக்கிறது. கிளப்பாதீர்கள், ஆயிலை மாற்றாமல் ஓட்டினால் பேரிங்குகள் தேயும். இங்கே மெக்கானிக்கை அழைப்பதே முறை.

மின்பம்பு உள்ள வண்டிகளில்

சாவியைப் போட்டதும் டேங்குக்குள் இரண்டு மூன்று நொடி ‘ம்ம்’ என்று பம்பு ஓடும் ஒலி கேட்க வேண்டும்.

ஒலியே இல்லையென்றால், கில் சுவிட்ச் ஓட்டும் நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். வண்டி சமீபத்தில் விழுந்திருந்தால் சாய்வு உணரி பம்பை நிறுத்தியிருக்கும். சாவியை எடுத்துவிட்டு நிமிர்த்தி மறுபடியும் போட்டால் பெரும்பாலும் சரியாகும். பிறகு ஃபியூஸ், பேட்டரியின் மின்னழுத்தம், ரிலே என்று வரிசையாகப் பாருங்கள். இவை சரியாக இருந்தும் பம்பு பேசாவிட்டால் சர்வீஸ் மையத்துக்குக் கொண்டுசெல்லுங்கள்.

ஒலி கேட்டும் வண்டி திணறினால், பம்பின் அடியில் உள்ள வலை அடைத்திருக்கலாம், அல்லது பம்பு தண்ணீரை இழுத்துக்கொண்டிருக்கலாம். பம்பு டேங்கின் மிகத் தாழ்ந்த இடத்தில் அமர்ந்திருப்பதால் கார்புரேட்டர் வண்டியை விட இங்கே குறைந்த அளவுத் தண்ணீரே தொல்லை தரும், வடிக்கும் திருகும் கிடையாது. மேல் வழியாகக் கைப்பம்பால் மாதிரி எடுத்துப் பார்ப்பது வரை நீங்கள் செய்யலாம். குழாய்களைக் கழற்ற வேண்டாம்: பல வண்டிகளில் உள்ளே சுமார் 3 பார் அழுத்தம் இருக்கிறது, இணைப்பைத் திறந்தால் பெட்ரோல் முகத்தில் பீய்ச்சி அடிக்கும். பம்பை வெளியே எடுத்தால் அதன் வட்ட ரப்பரைப் புதிதாக மாற்றியே மாட்ட வேண்டும்.

கழுத்து வரை பெட்ரோல் நிரப்புவதை இவ்வகை வண்டிகளில் தவிர்க்க வேண்டும். வெயிலில் விரிவடையும் பெட்ரோல் ஆவிக் குழாயில் ஏறிக் கரிப்பெட்டியை நனைத்துவிட்டால், காற்றுவழி அடைப்புக்குரிய அறிகுறிகளே இங்கும் வரும். டேங்க் வற்றும்வரை ஓட்டுவதும் நல்லதல்ல. பம்பைக் குளிர்விப்பது அதைச் சூழ்ந்திருக்கும் பெட்ரோல்தான்.

அறிகுறி: ஃபில்டரிலோ பாட்டிலிலோ பழுப்புத் தூள்

மூடியைத் திறந்து டார்ச் விளக்கால் உள்ளே பாருங்கள். செல்பேசி விளக்கை வாய்க்கு மேலே பிடிக்க வேண்டாம். மேல்சுவரில் லேசான பழுப்புச் சாயம் மட்டும் இருந்தால், வடித்துக் கழுவி வலையைச் சுத்தம் செய்து, நீண்ட நாள் நிறுத்தும்போது டேங்கை நிரப்பிவைத்தாலே போதும்.

விரலால் தேய்த்தால் செதில் உதிரும் அளவுக்குத் துரு இருந்தால் அமிலத்தால் கரைக்க வேண்டும். டேங்கை வெளியே எடுத்து, பெட்ரோல் முழுவதையும் வடித்து, சோப்புத் தண்ணீரால் வாடை போகும்வரை கழுவுங்கள். டேப்பின் துளையை அடைத்து, வெள்ளை வினிகரையோ சிட்ரிக் அமிலக் கரைசலையோ வாய்வரை நிரப்பி ஒரு நாள் வைத்திருங்கள். கெட்டித் துருவை உதிர்க்க ஒரு துண்டு மெல்லிய சங்கிலியை உள்ளே விட்டுக் குலுக்கலாம்; ஆணியும் நட்டும் போட்டால் அவை உள்ளேயே மாட்டிக்கொள்ளும். கழிவறை கழுவும் அமிலத்தை ஊற்றாதீர்கள், அது துருவோடு நல்ல தகட்டையும் தின்றுவிடும்.

கரைசலைக் கொட்டியதும் ஆப்ப சோடா கலந்த தண்ணீரால் ஒருமுறையும் நல்ல தண்ணீரால் ஒருமுறையும் கழுவி, உடனே கடும் வெயிலில் காயவைக்க வேண்டும். கழுவிய தகடு சற்றுநேரம் ஈரமாக இருந்தாலே புதுத் துரு மஞ்சளாகப் படரத் தொடங்கும் என்பதால், காய்ந்த அந்த வேளையிலேயே சிறிது இன்ஜின் ஆயில் கலந்த பெட்ரோலை ஊற்றிச் சுவர் முழுவதும் நனையச் சுழற்றுங்கள். முதல் சில வாரங்களுக்கு இடைவழி ஃபில்டரை அடிக்கடி பாருங்கள்.

துரு கரைந்த பிறகு டேங்கின் அடியிலோ தையல் ஓரத்திலோ பெட்ரோல் வியர்ப்பதுபோல் கசிந்தால், ஊசித்துளை விழுந்துவிட்டது. துருவே அதுவரை அதை அடைத்துக்கொண்டிருந்தது. சோப்பைத் தேய்த்து அன்றைக்கு வீடு சேரலாம், அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம். ஒன்றிரண்டு துளைகள் என்றால் டேங்க் வேலையே செய்பவரிடம் கொடுத்து அடைத்து, உள்பூச்சும் போடலாம். பெட்ரோல் டேங்கைச் சாதாரண வெல்டிங் கடையில் கொடுக்காதீர்கள்: காலியாகத் தோன்றும் டேங்கில் தங்கியிருக்கும் ஆவி பற்றி வெடித்து உயிர்கள் போயிருக்கின்றன. துளைகள் பல இடங்களில் இருந்தால், அல்லது மூடியின் வடிகால் குழாய் உள்ளேயே அரித்துப்போயிருந்தால், பழுதுபார்க்கும் கூலியும் பூச்சுச் செலவும் சேர்ந்து புதிய டேங்கின் விலையை நெருங்கிவிடும். அப்போது புதியதையே வாங்கி, பழைய டேப்பை அதில் மாட்டாமல் புது டேப்பும் புது டியூபும் போடுங்கள்.